கார் பெயிண்டில் ஒட்டிய சாதியை வீட்டிலேயே எடுப்பது எப்படி?

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு ஒருமுறை காரில் போய்வாருங்கள். முன்னால் போகும் பல வண்டிகளில் பதிவு எண்ணைப் படிப்பதற்கு முன்பே உரிமையாளரின் சாதியைப் படித்துவிடலாம். பின்கண்ணாடி முழுக்க ஒரு தலைவரின் படம், டிக்கியின் குறுக்கே வண்ணப் பட்டை, பம்பரில் ஒரு விலங்கோ ஆயுதமோ, அதன் கீழே பரம்பரைப் பெருமை பேசும் ஒரு வரி. வெளியூர்க்காரருக்கு இது அலங்காரமாகத் தெரியலாம். இங்கே பிறந்தவர்களுக்கு எந்த நிறம் யாருடையது என்று பள்ளிக்கூட வயதிலேயே தெரியும்.

அந்த ஸ்டிக்கரை எடுப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. உவமைக்காகச் சொல்லவில்லை. வாளி, ஷாம்பு, கிளே பார் என்று சாமான்களோடு உட்கார்ந்து கையால் எடுப்பதைப் பற்றித்தான் சொல்கிறேன். அதை ஏன் கார் கழுவும் கடைக்கு அனுப்பாமல் நம் வீட்டு வாசலில், நம் கையாலேயே செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு கார்

எங்கள் வீட்டு கார் கருநீல நிறம். பதினோரு வருடம் ஓடியது. அதன் டிக்கியில் சாதிச் சங்கத்தின் பட்டையும் பின்கண்ணாடியில் தலைவரின் படமும் ஏழெட்டு வருடமாக இருந்தன. சங்கக் கூட்டத்துக்குப் போன இடத்தில் அப்பா ஒட்டிக்கொண்டு வந்தது. எந்தச் சாதி என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். இந்த வட்டாரத்தில் நிலமோ கடையோ ஆலையோ, ஏதாவது ஒன்றைக் கையில் வைத்திருக்கும் இடைநிலைச் சாதிகளில் ஒன்று. பெயரைச் சொன்னால் மற்ற சாதிக்காரர்கள், ‘இது அவர்களைப் பற்றியது’ என்று நிம்மதியாகக் கடந்துபோய்விடுவார்கள். அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

எடுத்துவிடலாமா என்று கேட்டபோது அப்பா சொன்னார்: “இருந்துட்டுப் போகட்டும்ப்பா. அது இருந்தா ரோட்டுல ஒரு மரியாத இருக்கு. வண்டிய மறிக்கணும்னா நாலு பேரு யோசிப்பான்.”

அப்பா பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசிப்பார்கள். எதை யோசிப்பார்கள் என்பதுதான் கேள்வி. இந்த வண்டியில் லேசாக உரசிவிட்டால் பேச்சு பம்பரைப் பற்றி இருக்காது. ‘நீ எந்த ஊரு, எந்தத் தெரு’ என்று போகும் என்பதை யோசிப்பார்கள். ஹாரன் அடிக்கலாமா, முந்தலாமா என்று பின்னால் டூவீலரில் வரும் ஒருவர் யோசிப்பார். அவருடைய கைப்பிடி இறுகுவதைத்தான் நாம் மரியாதை என்று கணக்கெழுதிக்கொள்கிறோம். நமக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் அதே ஸ்டிக்கர் அவருக்கு எச்சரிக்கைப் பலகை. இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்வதால்தான் அது ஒட்டப்படுகிறது.

கழுவினால் போகாதது

இனி காருக்கு வருவோம். ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்த காரின் பானெட்டின் மேல், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் பெயிண்ட், விரலுக்கு உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். வெறும் கையில் தெரியாததைக் கவர் காட்டிக்கொடுத்துவிடும்.

காரின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஓர் அடுக்கு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். பொதுவாக 40, 50 மைக்ரான் தடிமன்தான். பிரேக்கிலிருந்து தெறிக்கும் இரும்புத் துகள், ரயில் பாதை ஓரத்து இரும்புத் தூள், ஆர்.ஆர். நகர்ப் பக்கத்துச் சிமெண்ட் தூசி, தார், மரத்துப் பிசின், போர் தண்ணீரின் உப்பு எல்லாம் இந்த அடுக்கில் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. எங்கள் பக்கம் தீபாவளி இரவின் பட்டாசுக் கரியும் சேரும். இவை மேலே கிடக்கும் தூசி அல்ல. பிடித்துக்கொண்டவை. எவ்வளவு வேகமாகத் தண்ணீர் அடித்தாலும் நகராது.

இதற்குத்தான் கிளே பார். பெயரில் களிமண் இருக்கிறதே தவிர, இது வயலில் எடுத்த மண் இல்லை. ரப்பர் போல இழுபடும் செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்களைக் கலந்து செய்த கட்டி. டடாவோ கொடாதே என்ற ஜப்பானியர் 1995-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பெயிண்ட் அடிக்கும் பட்டறைகளில் பக்கத்து வண்டி மேல் தெறித்துக் காய்ந்த ஸ்ப்ரே துளிகளை எடுக்கப் பயன்பட்ட இது, இன்று யாரும் இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வாங்கக்கூடிய பொருள். பெயிண்டின் மேல் துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் உரசிப் பிடுங்கித் தன்மேல் ஒட்டி எடுத்துக்கொள்ளும். பெயிண்டுக்குள் இறங்கிவிட்ட கீறலை இது சரி செய்யாது. அந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

செய்முறை

வேலையைக் காலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள், அல்லது வெயில் இறங்கிய பிறகு நிழலில் செய்யுங்கள். விருதுநகர் வெயிலில் சுட்ட தகரத்தின் மேல் எதைத் தேய்த்தாலும் அது காய்ந்து கறையாகிவிடும்.

முதலில் ஸ்டிக்கர். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரத்திலிருந்து மெல்லச் சூடு காட்டுங்கள். பசை இளகியதும் பழைய ஏ.டி.எம். கார்டின் முனையால் ஓரத்தைக் கிளப்பி, பெயிண்டை ஒட்டியபடியே தாழ்வாக, மெதுவாக இழுங்கள். நேராக மேல்நோக்கிப் பிய்த்தால் பாதி கிழிந்து பாதி நிற்கும். பெயிண்டின் மேல் பிளேடு வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் கூட, உள்பக்கம் டீஃபாகர் கோடுகள் இருந்தால் அங்கேயும் பிளேடு கூடாது.

அடுத்து பசை. தேங்காய் எண்ணெயோ நீலகிரித் தைலமோ தொட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் துடையுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். தின்னர் பக்கம் போகாதீர்கள். பட்டறையில் மறுபடி பெயிண்ட் அடித்த வண்டியாக இருந்தால் பெயிண்டே கரைந்து வந்துவிடும்.

பிறகு கார் ஷாம்பு போட்டு முழு வண்டியையும் கழுவுங்கள். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். மண்ணோடு கிளே பாரைத் தேய்த்தால் நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி.

இப்போது கிளே பார். முழுக் கட்டியையும் எடுக்காதீர்கள். கால்வாசியைப் பிய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து தட்டையாக்கிக்கொள்ளுங்கள். தேய்க்கும் இடம் எப்போதும் வழுவழுவென்று ஈரமாக இருக்க வேண்டும். அதற்கென்று விற்கும் திரவம் இல்லாவிட்டால் ஷாம்பு கலந்த தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் இரண்டு கையகல இடம் போதும். வட்டமாக வேண்டாம், நேர்க்கோட்டில் முன்னும் பின்னும். அழுத்தம் தேவையில்லை. தொடக்கத்தில் கரகரவென்று இழுக்கும். பிடித்திருப்பது வரவர வழுக்கத் தொடங்கும். அழுக்கானதும் மடித்துப் பிசைந்து புதுப்பக்கத்தை வெளியே எடுங்கள். தரையில் விழுந்த துண்டை மறுபடி தொடாதீர்கள்; அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், கதவு முழுக்கக் கோடு விழும். மேட் பெயிண்ட் வண்டிகளுக்கு இந்த முறையே ஆகாது.

கடைசியில் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, பாலிஷ், வேக்ஸ். கிளே பார் பழைய வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும் என்பதால் கடைசிப் படியை விட்டுவிடக் கூடாது.

எங்கள் காருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அப்பா முதல் ஞாயிறு வீட்டுக்குள்ளேயே இருந்தார். இரண்டாவது ஞாயிறு வெளியே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “வண்டிய வித்தா நல்ல ரேட்டுக்குப் போகும்ல” என்றார். காரணம் எதுவாக இருந்தாலும் சரி என்று நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்கு ஏன் அனுப்பவில்லை

அனுப்பலாம் என்றுதான் முதலில் பைபாஸ் ஓரத்து வாட்டர் சர்வீஸ் ஒன்றில் விசாரித்தேன். ஃபோம் அடித்துக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். ஸ்டிக்கரைக் காட்டி, “தம்பி, இதையும் எடுத்துருவீங்களா?” என்றேன். அவன் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “அண்ணே, வண்டியக் கழுவித் தர்றேன். அத மட்டும் வீட்ல வச்சு நீங்களே எடுத்துருங்கண்ணே” என்றான். பக்கத்தில் வேறு இரண்டு பேர் தங்கள் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

அவனிடம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அவன் கையால் அந்தப் படம் பிய்க்கப்படுவதை யாராவது பார்த்து, செல்பேசியில் எடுத்து, ‘எங்கள் தலைவரை அவமதித்துவிட்டான்’ என்று பரப்பினால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். நான் வண்டி உரிமையாளர் என்பது அந்த வீடியோவில் இருக்காது. நான் சாதி மறுப்பாளன் என்ற பெயரை வாங்கிக்கொள்வேன். அதற்கான ஆபத்தை அவன் சுமப்பான்.

முற்போக்காகப் பேசும் நாம் இங்கேதான் அடிக்கடி தவறுகிறோம். சாதியை எதிர்க்கும் வேலையையும், சாக்கடை அள்ளும் வேலையைப் போலவே, சாதியால் அடிபட்டவர்களின் தலையில் கட்டிவிடுகிறோம். சாதி என்பது வேலையைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு என்ற வாதத்தை அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் உடைத்தார். அது வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாகப் பிரித்து அடைக்கிற ஏற்பாடு என்று காட்டினார். எங்கள் மாவட்டத்தில் அதைப் புத்தகம் இல்லாமலே பார்க்கலாம். பட்டாசு ஆலையில் மணி மருந்து தொடும் கை, சில்வர் பவுடர் படிந்து சாம்பல் நிறமாகும் கை, தெருக் கூட்டும் கை, பிறர் காரைக் கழுவும் கை யாருடையவை என்று பாருங்கள். நிலமில்லாத குடும்பங்களின் கைகள். அவற்றில் தலித் மக்களின் கைகள் மிகுதி. பட்டாசில் பெண்களின் கைகள் அதிகம். நம் வீடு ஒட்டிய சாதியையும் அந்தக் கைகளே வந்து சுரண்டித் தர வேண்டுமா? ஒட்டியது நம் வீடு. எடுக்க வேண்டியதும் நம் வீடு.

வண்டியும் சாதியும்: விருதுநகரின் பழைய கணக்கு

“எங்க சாதியும் ஒரு காலத்துல அடிபட்ட சாதிதான். இப்ப தலைநிமிர்ந்திருக்கோம்னு காட்டுறதுல என்ன தப்பு?” இது என் உறவினர் ஒருவர் கேட்டது. இந்த ஊரில் இதை ஒதுக்கித் தள்ள முடியாது. கோவில் நுழைவு உரிமை கேட்ட நாடார்கள் மீது 1899 ஜூனில் சிவகாசியில் பெரும் கூட்டம் திரண்டு தாக்கியது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அடுத்த கால் நூற்றாண்டுக்குள் அதே சமூகத்தின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். இன்றைய தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் எல்லாம் அங்கிருந்து வளர்ந்தவை. அவமானத்திலிருந்து எழுந்து நின்ற வரலாறு உண்மை.

எழுந்து நின்ற பிறகு என்ன செய்வது என்பதற்கும் அதே சமூகத்திலிருந்து ஒரு விடை இருக்கிறது. சென்னைப் பாண்டி பஜார் யாருடைய பெயரைச் சுமக்கிறதோ அந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தார். விருதுநகரும் சிவகாசியும் அன்று அந்த ஜில்லாவில்தான் இருந்தன. தனியார் பேருந்துகள் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்துவந்த காலம். ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் ரத்து என்று அவர் உத்தரவு போட்டார். கையில் அதிகாரம் வந்ததும் வண்டியின் மேல் தன் சாதியை ஒட்டவில்லை. தனக்குக் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு வண்டியின் கதவைத் திறந்துவிட்டார்.

1929-இல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநாடு அது. மூன்றாவது மாநாடு 1931-இல் நடந்த ஊர் விருதுநகர். பெயரின் வாலிலிருந்து கழற்றச் சொன்னதைத்தான் இன்று வண்டியின் வாலில் ஒட்டிக்கொண்டு திரிகிறோம்.

இதே ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. 1997 மே மாதம், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. கட்டபொம்மனின் தளபதியாக நின்று 1799-இல் உயிர் கொடுத்தவராக மக்கள் நினைவில் வாழ்பவர் சுந்தரலிங்கம். தேவேந்திரர் சமூகத்தவர். அன்று தமிழ்நாட்டில் எத்தனையோ தலைவர்களின் பெயரில் பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பெயர்களோடு யாரும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு தலித் வீரரின் பெயர் பேருந்தில் எழுதப்பட்டதும், அந்த வண்டியில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் பரவியது. உயிர்கள் போயின. ஜூலையில் அரசு ஒரு முடிவெடுத்தது: மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களும் நீக்கப்பட்டன. 1985-இல் காமராசர் பெயரில் பிறந்த எங்கள் மாவட்டமும் அப்போதுதான் வெறும் விருதுநகர் மாவட்டம் ஆனது.

பேருந்துகளின் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளின் மேல் பெயிண்ட் பூசப்பட்டது. பெயர்கள் போயின. சாதி போனதா? ஒரு பெயரைச் சகிக்க முடியாதவர்களுக்காக எல்லாப் பெயர்களையும் அழித்தார்கள். அதைப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பாடம், கலவரம் செய்தால் அரசு பின்வாங்கும் என்பதுதான். அரசு வண்டியிலிருந்து இறங்கிய பெயர்களின் இடத்தில், சொந்த வண்டிகளில் சாதிப் படங்கள் ஏறிக்கொண்டன. விருதுநகரில் பிறந்து தமிழ்நாட்டுக்கே பொதுவான காமராசரின் படம்கூட இன்று பல வண்டிகளில் சாதி அடையாளமாகத்தான் ஒட்டப்படுகிறது. ஒரு தலைவருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது.

‘அப்படியானால் அம்பேத்கர் ஸ்டிக்கர்?’

இதை எழுதினால் முதலில் வரும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். “எல்லா ஸ்டிக்கரையும்தானே எடுக்கணும்?” 1997-இன் விடையும் இதுதான். எல்லாவற்றையும் ஒன்றாக அழித்துவிட்டு நடுநிலை என்று பெயர் வைப்பது.

ஒரு படம் யாருடையது என்பதைவிட, அது சாலையில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். பரம்பரைப் பெருமை பேசும் ஸ்டிக்கரை ஒட்டுபவருக்கு அதனால் வழி கிடைக்கிறது. அம்பேத்கர் படத்தை ஒட்டும் தலித் இளைஞருக்குப் பல ஊர்களில் அதனால் வழி மறிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் பல அம்பேத்கர் சிலைகள் இன்னும் கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. 2015-இல் மகாராஷ்டிரத்தின் ஷீரடியில், செல்பேசியில் அம்பேத்கர் பாடலை ரிங்டோனாக வைத்திருந்ததற்காக ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். ஒன்று மேலே நிற்பவர் கீழே பார்த்துச் சொல்வது. மற்றது நானும் மனிதன் என்று சொல்வது. இரண்டையும் ஒரே வாளியில் போடக் கூடாது. அம்பேத்கரையே ஒரு சாதியின் தலைவராகச் சுருக்கினால்தான் அந்தக் கேள்வியே பிறக்கும்.

“சட்டம் போட்டால் போதாதா?” என்பது அடுத்த கேள்வி. சட்டம் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி நம்பர் பிளேட்டில் பதிவு எண்ணைத் தவிர வேறு பெயரோ படமோ இருக்கக் கூடாது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே மாதம், போலீஸ், பிரஸ் என்று அனுமதியில்லாமல் ஒட்டிய ஸ்டிக்கர்களுக்கு எதிராக நடவடிக்கையில் இறங்கியது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தொடர்ந்து 2025 செப்டம்பரில் உத்தரப்பிரதேச அரசு, வண்டிகளில் சாதிப் பெயரும் சாதி முழக்கமும் எழுதத் தடை விதித்தது. பெரியார் மண் என்று மார்தட்டும் நாம், வண்டிகளின் சாதி விஷயத்தில் அந்த அளவுக்காவது போக வேண்டாமா?

ஆனால் அபராதத்துக்குப் பயந்து எடுக்கும் ஸ்டிக்கர், டேஷ்போர்டுக்குள் போய்ப் பத்திரமாக இருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள்; வெட்டியவர்கள் அவருடன் படித்த மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம் முதலியவற்றைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. சரியான பரிந்துரை. ஆனால் அந்தப் பையன் பள்ளிக்கு வந்து இறங்கும் அப்பாவின் வண்டியில் அதே நிறம் பட்டையாக ஒட்டியிருக்கிறதே? கயிற்றை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகும் பிள்ளைக்கு, மாலையில் ஏறி வீடு திரும்ப அந்த வண்டிதான் காத்திருக்கிறது. கைக்கயிறு பள்ளிக்கூடத்தில் முளைக்கவில்லை. வீட்டிலிருந்து போகிறது. ஆகவே வேலையும் வீட்டில் தொடங்க வேண்டும்.

வீட்டில் தொடங்கும்போது கிளே பாரின் விதி உதவும்: காய்ந்த இடத்தில் தேய்க்காதே, அழுத்தாதே, கொஞ்சம் கொஞ்சமாக எடு. அப்பாவிடம் நான் ஒரு நாளில் பேசி முடிக்கவில்லை. சௌந்தரபாண்டியன் கதையை ஒரு நாள், 1997 கதையை ஒரு நாள், அந்த வாட்டர் சர்வீஸ் தம்பி சொன்னதை ஒரு நாள் என்று பேசினேன். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகப் பேசு என்பது ஆதிக்கச் சாதி வீடுகளில் பிறந்த நாம், நம் வீட்டுக்குள் செய்யும் வேலைக்கான விதி. அடிபட்டவர்களிடம் போய்ச் சொல்வதற்கான அறிவுரை அல்ல. வெட்டுப்பட்டவரிடம் ‘பொறுமையாகப் பேசுங்கள் தோழர்’ என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

நிழல்

எல்லாம் முடிந்து வேக்ஸ் போட்டுத் துடைத்ததும் எங்கள் கார் டிக்கியில் ஒன்றைப் பார்த்தோம். பட்டை இருந்த இடம் மட்டும் புது நீலமாக இருந்தது. சுற்றிலும் வெயிலில் வெளுத்த பழைய நீலம். ஸ்டிக்கர் இல்லை, அதன் வடிவம் இருந்தது. சாய்வெயிலில் பார்த்தால் ஊர்க்காரர்கள் இன்னும் அடையாளம் கண்டுகொள்வார்கள். கிளே பார் ஒட்டியதை எடுக்கும். வெயில் வெளுக்கவைத்ததை எடுக்காது என்று முன்பே சொன்னேனே, இதுதான். பாலிஷ் போடப் போட வேறுபாடு குறையும். முழுதாகப் போகுமா என்றால், பதினோரு வருடப் பெயிண்டில் சந்தேகம்தான்.

அதனால் ஸ்டிக்கரை எடுத்துவிட்டு ஒரு புகைப்படம் போட்டு, சாதியைத் துறந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள். ஸ்டிக்கர் இல்லாத வண்டியிலும் நம் சாதி நமக்கு வழிவிட்டுக்கொண்டுதான் இருக்கும். ஊர்ப் பெயர், தெருப் பெயர், அப்பா பெயர் என்று காவல் நிலையத்திலும் வங்கியிலும் கல்யாண மண்டபத்திலும் அது வேறு வழியில் வேலை செய்யும். ஸ்டிக்கரை எடுப்பதால், பின்னால் வருபவரை மிரட்டும் ஒரு வேலையை நிறுத்துகிறோம். சாதி ஒழிப்பில் அது முதல் கழுவல் மட்டுமே.

அடுத்தது என்ன என்று சௌந்தரபாண்டியனின் உத்தரவே சொல்கிறது. அவர் கேட்ட கேள்வி, வண்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதல்ல. வண்டிக்குள் யார் ஏறலாம் என்பது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துக் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் ஆண்டு தவறாமல் எங்கேயாவது ஒரு ஆலை வெடிக்கிறது. அப்படிப்பட்ட நாள்களில், காயம்பட்டவர்களை எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். பின்கண்ணாடியில் யார் படம் என்று ஏற்றுபவரும் பார்ப்பதில்லை, ஏறுபவரும் பார்ப்பதில்லை. மரணம் துரத்தும்போது முடிகிற ஒன்று, சாதாரண செவ்வாய்க்கிழமையில் ஏன் முடியவில்லை?

ஆகவே தோழர்களே, இந்த ஞாயிறு ஒரு வாளித் தண்ணீரோடு வாசலுக்கு வாருங்கள். தெருவில் போகிறவர் என்ன என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு, உங்கள் ஊரில் உங்கள் வீட்டு வண்டி இதுவரை எந்தத் தெருவுக்குள் போனதில்லை, எந்தத் தெருக்காரர் உங்கள் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை என்று யோசித்துப் பாருங்கள். வண்டியை முதலில் அங்கே ஓட்டிப் போங்கள்.